கார்பனைல் ஒடுக்கும் என்சைம்களை ‘டீடாக்ஸ்’ என்று சொல்லலாமா? செமினாருக்கு உதவி வேண்டும்

அஸ்தம்பட்டி_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். சேலத்தில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். அடுத்த வாரம் செமினார். பாலூட்டிகளின் திசுக்களில் இருக்கும் கார்பனைல் ஒடுக்கும் என்சைம்கள்தான் தலைப்பு. கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் தொகுதி கார்பனைல், அதில் ஹைட்ரஜனைச் சேர்ப்பது ஒடுக்கம். கீட்டோனையும் ஆல்டிஹைடையும் ஆல்கஹாலாக மாற்றும், அதற்குப் பெரும்பாலும் என்.ஏ.டி.பி.ஹெச் என்ற எலக்ட்ரான் தரும் மூலக்கூறு செலவாகும், அப்படி வந்த ஆல்கஹாலோடு குளுகுரோனிக் அமிலம் சேர்ந்து சிறுநீரில் போய்விடும். இந்த வரைக்கும் படித்துவிட்டு முதல் ஸ்லைடில் ‘உடலின் டீடாக்ஸ் படை’ என்று போட்டேன். எங்கள் மேடம் பார்த்துவிட்டு, “இதை டாக்ஸோரூபிசின் ஏத்திக்கிட்டு இருக்கிறவங்ககிட்ட போய்ச் சொல்லு பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அது புற்றுநோய் மருந்து என்று தெரியும், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. அவரிடமே திரும்பப் போய்க் கேட்கக் கொஞ்சம் பயம். யாராவது விளக்குங்களேன்.

ஓமலூர்_பார்மசி

ஸ்லைடில் தப்பு ஒன்றும் இல்லையேம்மா. ஆல்டிஹைடு என்பது புரதத்தோடும் டி.என்.ஏ.வோடும் போய் ஒட்டிக்கொள்ளும் பொருள். செல் சவ்வில் கொழுப்பு கெட்டுப்போனால் வருகிற நாலு-ஹைட்ராக்ஸிநோனினல், புகையிலும் பொங்கிக் கருகிய எண்ணெயிலும் இருக்கிற அக்ரோலின், சர்க்கரை உடையும்போது வருகிற மெத்தில்கிளையாக்சல், எல்லாம் அந்த ரகம். இவற்றைப் பிடித்து ஆல்கஹாலாக்கினால் வீரியம் அடங்கிவிடும். இது டீடாக்ஸ் இல்லையென்றால் வேறு எதை டீடாக்ஸ் என்பது? மேடம் ஒரே ஒரு மருந்தை வைத்துக்கொண்டு மொத்தக் குடும்பத்தையும் திட்டுகிறார் என்று நினைக்கிறேன்.

பழைய_வாத்தியார்

பார்மசி தம்பி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் இந்தப் பாடமே இருக்கிறது.

முதலில் இது ஒரே குடும்பம் கிடையாது. ஆல்டோ-கீட்டோ ரிடக்டேஸ் ஒரு பெருங்குடும்பம், சுருக்கமாக ஏ.கே.ஆர். குறுஞ்சங்கிலி டிஹைட்ரோஜனேஸ்-ரிடக்டேஸ் இன்னொன்று, எஸ்.டி.ஆர். முதலாவதின் புரதம் மடிந்திருப்பது பீப்பாய் வடிவத்தில், இரண்டாவது ராஸ்மன் மடிப்பு என்கிற வேறு வடிவத்தில். பரிணாமத்தில் வேறு வேறு பாதையில் வந்தவை, ஆனாலும் இரண்டிலும் ஒரு டைரோசின்தான் புரோட்டானைக் கொடுக்கிறது, பக்கத்தில் ஒரு லைசின் துணைக்கு நிற்கிறது. ஹைட்ரைடு, அதாவது எலக்ட்ரான்களோடு வருகிற ஹைட்ரஜன், மட்டும் என்.ஏ.டி.பி.ஹெச்-இல் இருக்கிற நிகோடினமைடு வளையத்தின் எதிரெதிர் முகங்களிலிருந்து வருகிறது. செமினாரில் இதற்கு ஒரு ஸ்லைடு போதும், பத்து ஸ்லைடு போட்டால் பின்வரிசை தூங்கிவிடும்.

இப்போது உங்கள் மேடம் சொன்னதற்கு வருகிறேன். டாக்ஸோரூபிசின் மூலக்கூறின் பக்கச் சங்கிலியில், பதின்மூன்றாவது கார்பனில், ஒரு கீட்டோன் இருக்கிறது. சி.பி.ஆர்.1, அதாவது கார்பனைல் ரிடக்டேஸ் 1, எஸ்.டி.ஆர். குடும்பத்தைச் சேர்ந்தது, 277 அமினோ அமிலம் கொண்ட ஒற்றை அலகுப் புரதம், செல்லின் திரவப் பகுதியான சைட்டோசாலில் இருக்கும். அது அந்தக் கீட்டோனை ஒடுக்கி ‘டாக்ஸோரூபிசினால்’ என்ற ஆல்கஹாலாக மாற்றுகிறது. வேதியியலாகப் பார்த்தால் நீ புத்தகத்தில் படித்த அதே வினை. ஆனால் இந்த ‘டாக்ஸோரூபிசினால்’ புற்றுநோய்ச் செல்லைக் கொல்லுவதில் மட்டம், இதயத்தசையில் தேங்கி கால்சியத்தையும் இரும்பையும் கையாளும் ஒழுங்கைக் கெடுப்பதில் கெட்டிக்காரன். சி.பி.ஆர்.1 மரபணுவின் ஒரு பிரதியை நீக்கிய எலிகள் டாக்ஸோரூபிசினின் இதயப் பாதிப்பிலிருந்து கணிசமாகத் தப்பின என்று 2003-ல் வெளியானது. அதற்கு முன்பே மனித சி.பி.ஆர்.1-ஐ எலி இதயத்தில் கூடுதலாக வைத்துப் பார்த்தபோது பாதிப்பு சீக்கிரம் வந்தது. கூட்டினால் கெடுதல், குறைத்தால் நன்மை. ‘படை’ என்று பெயர் வைத்தால் இங்கே அது சொந்த ஊரையே சுடுகிற படை.

ஓமலூர்_பார்மசி

சார், அது நாம் வெளியிலிருந்து ஏற்றுகிற மருந்து. பரிணாமம் டாக்ஸோரூபிசினைப் பார்த்து என்சைம் செய்யவில்லையே. இயற்கையான பொருள்களில் எப்படி?

பழைய_வாத்தியார்

நல்ல கேள்வி. அதற்குத்தான் சர்க்கரையும் ஸ்டீராய்டும் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வருகிறேன், வீட்டில் மின்சாரம் போய்விட்டது.

இரவு_டூட்டி

நான் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கிற செவிலியர். சார் சொன்ன காரணத்தால்தான் எங்கள் வார்டில் அந்தச் சிவப்பு மருந்துக்குக் குறிப்பேட்டில் ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டே வருவோம். வாழ்நாள் மொத்தம் உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 450-லிருந்து 550 மில்லிகிராமைத் தாண்ட விட மாட்டார்கள், நடுநடுவே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுப்பார்கள்.

ஒரு சந்தேகம். சில நோயாளிகளின் வீட்டார் குவெர்சட்டின் கேப்சூல் வாங்கி வருகிறார்கள், “வெங்காயத்தில் இருக்கிற சத்துதான் சிஸ்டர், இதயத்தைக் காப்பாத்தும்னு யூடியூப்ல சொன்னாங்க” என்று. இதில் ஏதாவது உண்மை உண்டா?

ஓமலூர்_பார்மசி

உண்டு சிஸ்டர். குவெர்சட்டின் மாதிரி ஃபிளேவனாய்டுகள் சி.பி.ஆர்.1-ஐத் தடுக்கும். மஞ்சளின் குர்குமினும் தடுக்கும் என்று இருக்கிறது. நம் ஊர் மஞ்சள், நம் ஊர் வெங்காயம். தடுத்தால் அந்த ‘டாக்ஸோரூபிசினால்’ குறையும், இதயத்துக்கு நல்லது. நான் விற்பனைக்காகச் சொல்லவில்லை, தர்க்கம் அப்படித்தானே போகிறது?

பழைய_வாத்தியார்

தர்க்கம் சோதனைக் குழாய் வரைக்கும் போகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. குவெர்சட்டின் வாய்வழி போனால் குடலிலும் கல்லீரலிலும் குளுகுரோனைடாகவும் சல்பேட்டாகவும் மாறிவிடுகிறது. என்சைமைத் தடுத்துக் காட்டிய அந்தச் சுதந்திரமான வடிவம் ரத்தத்தில் சொற்பம். குர்குமினின் கதை இன்னும் வேடிக்கை: அதையே குடலும் கல்லீரலும் ஒடுக்கி டெட்ராஹைட்ரோகுர்குமின், ஹெக்ஸாஹைட்ரோகுர்குமின் என்று ஆக்கிவிடுகின்றன. ஒடுக்கும் என்சைமைத் தடுக்கப் போனது தானே ஒடுக்கப்பட்டுத் திரும்பி வருகிறது.

இதை மனிதரில் பார்த்தும் இருக்கிறார்கள். மோனோஹெர் என்று ருட்டின் வகை ஃபிளேவனாய்டு ஒன்று, எலியில் டாக்ஸோரூபிசினிலிருந்து இதயத்தை அழகாகக் காத்தது. நோயாளிகளில் செய்த சோதனை 2007-ல் வெளியானது, பாதுகாப்பு கிடைக்கவில்லை. இதயத்தைக் காக்க மருத்துவர்களிடம் டெக்ஸ்ராசாக்சேன் என்று நிரூபணமான மருந்தே இருக்கிறது. கேப்சூல் கொண்டு வருகிறவர்களை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள் சிஸ்டர், தானாகச் சேர்க்க வேண்டாம். கீமோ ஓடும்போது என்சைமைத் தடுக்கும் எதுவும் மருந்தின் அளவையே மாற்றக்கூடியது.

இன்னொன்று. சி.பி.ஆர்.1, சி.பி.ஆர்.3 இரண்டும் 21-வது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சி.பி.ஆர்.3-ல் 244-வது இடத்தில் வேலினா மெத்தியோனினா என்பதைக் குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் இதயப் பாதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது என்பதற்கு இது ஒரு துண்டு விடை.

அம்மாபேட்டை_தறி

சார், நான் படிக்காதவன், தறி ஓட்டுகிறேன், சர்க்கரை இருக்கிறது. கண்ணாஸ்பத்திரியில் புரை வர ஆரம்பித்துவிட்டது என்றார்கள். சார்பிட்டால் என்று ஏதோ சொன்னார்கள். என் மகன் ‘சுகர் ஃப்ரீ’ இனிப்பு டப்பாவில் சார்பிட்டால் என்று போட்டிருப்பதைக் காட்டி, “இதனாலதான்பா உனக்குப் புரை” என்று சண்டை போடுகிறான். மாம்பழ சீசன் வேறு வருகிறது. எதை நிறுத்த?

பழைய_வாத்தியார்

அண்ணே, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

டப்பாவில் இருக்கிற சார்பிட்டால் வேறு, கண்ணுக்குள் உண்டாகிற சார்பிட்டால் வேறு. பொருள் ஒன்றுதான், பிறக்கிற இடம் வேறு. சாப்பிட்ட சார்பிட்டால் சரியாக உறிஞ்சப்படாது, அதிகமானால் பெருங்குடலில் புளித்து வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். அது போய்க் கண் லென்ஸில் உட்காருவதில்லை.

லென்ஸுக்குள் குளுகோஸ் நுழைய இன்சுலின் தேவையில்லை. ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ அதற்கேற்ப உள்ளேயும் ஏறும். அங்கே ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற ஏ.கே.ஆர். என்சைம் இருக்கிறது, ஏ.கே.ஆர்.1பி1 என்று பெயர். குளுகோஸ் மேல் அதற்குப் பிடிப்பு ரொம்பக் குறைவு, சாதாரண அளவில் ஹெக்ஸோகைனேஸ் என்ற வேறொரு என்சைம் குளுகோஸை முதலில் பிடித்துக்கொள்ளும், இது சும்மா இருக்கும். சர்க்கரை ஏறி ஏறி ஹெக்ஸோகைனேஸ் திணறும்போதுதான் இதற்கு வேலை வருகிறது. குளுகோஸின் ஆல்டிஹைடு முனையை ஒடுக்கிச் சார்பிட்டாலாக்கும். சார்பிட்டால் சவ்வைச் சுலபமாகத் தாண்டாது, உள்ளேயே தங்கித் தண்ணீரை இழுக்கும். 1959-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ரூத் வான் ஹெய்னிங்கன் சர்க்கரையால் புரை வந்த எலிகளின் லென்ஸில் சார்பிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களைக் கண்டார். அதற்கு மூன்று வருஷம் முன்னால் பெல்ஜியத்தில் ஹெர்ஸ் இந்த என்சைமைக் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா, ஆட்டின் விந்துப்பையில். அங்கே விந்துக்குத் தேவையான ஃப்ரக்டோஸைச் செய்ய இதே பாதைதான் உதவுகிறது, குளுகோஸ், சார்பிட்டால், ஃப்ரக்டோஸ் என்று. சிறுநீரகத்தின் உள்பகுதியிலோ உப்புச் செறிவைத் தாங்க செல்கள் வேண்டுமென்றே சார்பிட்டாலைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. கண்ணில் கேடு, சிறுநீரகத்தில் பாதுகாப்பு, விந்துப்பையில் உற்பத்தி. பார்மசி தம்பி கேட்ட ‘இயற்கையான பொருள்’ இதுதான்.

மாம்பழத்துக்கு வருகிறேன். பழுத்த மாம்பழத்தின் இனிப்பில் பெரும்பங்கு சுக்ரோஸ், அது குடலில் பிரிந்து பாதி குளுகோஸாகத்தான் வரும். மல்கோவாவை ஒரே அடியாக விலக்கச் சொல்ல மாட்டேன், எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரும் உங்கள் சர்க்கரை அளவும் சொல்லட்டும். சார்பிட்டாலைத் தேடி டப்பாவைத் தூக்கி எறிவதைவிட ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் குறைப்பதுதான் கண்ணுக்கு உதவும். வந்துவிட்ட புரைக்கு மருந்து கிடையாது, பார்வை மறைக்கும்போது அறுவை சிகிச்சை, பயப்படாதீர்கள்.

அம்மாபேட்டை_தறி

ரொம்ப நன்றிங்க சார். மகனிடம் இதையே காட்டிவிட்டேன், வாயை மூடிக்கொண்டான். இனிப்பு டப்பாவைத் தன் ரூமுக்கு எடுத்துப் போய்விட்டான்.

அஸ்தம்பட்டி_மாணவி

சார், அப்படியென்றால் ஆல்டோஸ் ரிடக்டேஸைத் தடுத்தால் போதுமே? எலியில் அது வேலை செய்கிறது என்றுதானே இருக்கிறது?

பழைய_வாத்தியார்

எந்த எலி என்று கேள் அம்மா. பெரிய எலியின் லென்ஸில் இந்த என்சைம் நிறைய, சர்க்கரை வந்தால் சட்டென்று புரை வரும். சுண்டெலியின் லென்ஸில் மிகக் குறைவு, அதற்குச் சர்க்கரை நோய் வந்தாலும் அவ்வளவு எளிதில் புரை வராது. 1995-ல் சுண்டெலியின் லென்ஸில் மட்டும் இந்த என்சைமைக் கூட்டி வைத்தார்கள், புரை வந்துவிட்டது. காரணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் மனித லென்ஸ் பெரிய எலியைவிடச் சுண்டெலிக்குத்தான் கிட்டே. அதனால் மனிதரில் தண்ணீர் இழுப்பது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை, என்.ஏ.டி.பி.ஹெச் தீர்ந்து, செல்லை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கிற குளுட்டாதயோன் மீளாமல் போவதும் சேர்கிறது என்கிறார்கள். மருந்துகளும் தடுமாறின. டால்ரெஸ்டாட் கல்லீரல் பாதிப்பால் சந்தையிலிருந்து போய்விட்டது. எபால்ரெஸ்டாட் மட்டும் 1992-லிருந்து ஜப்பானில் நரம்புப் பாதிப்புக்கு இருக்கிறது, நம் நாட்டிலும் கிடைக்கிறது. புரைக்கு அல்ல, கவனி.

ஓமலூர்_பார்மசி

எபால்ரெஸ்டாட் சீட்டு எங்கள் கடைக்கும் வருகிறது. கால் எரிச்சலுக்கு எழுதுகிறார்கள்.

சரி, ஸ்டீராய்டு என் பக்கத்துச் சரக்கு, அதை நான் சொல்கிறேன். கார்டிசோனுக்குத்தான் 1950-ல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் நோபல் கிடைத்தது. ஆனால் கார்டிசோன் தானாக ஒன்றும் செய்யாது. அதன் பதினோராவது கார்பனில் இருக்கிற கீட்டோனைக் கல்லீரல் ஒடுக்கிக் கார்டிசால் ஆக்கினால்தான் மருந்து. செய்கிற என்சைம் பதினொன்று-பீட்டா ஹெச்.எஸ்.டி.1, அதுவும் எஸ்.டி.ஆர். குடும்பம். பிரெட்னிசோனும் அப்படியே, ஒடுங்கிப் பிரெட்னிசொலோன் ஆக வேண்டும். அதனால்தான் கார்டிசோனைத் தோலில் தடவிப் பயனில்லை, ஹைட்ரோகார்டிசோன் களிம்பு தருகிறோம். கல்லீரல் ரொம்பக் கெட்டவருக்குப் பிரெட்னிசொலோனையே எழுதுவதும் அதனால்தான். ஆக ஒடுக்கம் இங்கே மருந்தைத் தட்டி எழுப்புகிறது. சார், இந்த இடத்தில் என் ‘டீடாக்ஸ்’ வாதத்தை நானே கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

பழைய_வாத்தியார்

கொஞ்சம்தானா? 😀 சிறுநீரகத்தில் இதன் சகோதரி, இரண்டாம் நம்பர், எதிர்த் திசையில் ஓடுகிறது, கார்டிசாலைக் கார்டிசோனாக்கி, உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோனான ஆல்டோஸ்டீரோனின் ஏற்பியைக் காக்கிறது. அதிமதுரத்தின் கிளிசரைசின் இதைத் தடுக்கும். தொண்டைக்கு நல்லது என்று மாதக்கணக்கில் அதிமதுரம் மென்றவருக்கு ரத்த அழுத்தம் ஏறிப் பொட்டாசியம் இறங்கினால் காரணம் இங்கே இருக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை.

திசையை எது தீர்மானிக்கிறது என்பதையும் எழுதிக்கொள். முதல் நம்பர் எண்டோபிளாச வலையின் உள்ளே இருக்கிறது. பக்கத்திலேயே ஹெக்ஸோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜனேஸ் என்.ஏ.டி.பி.ஹெச் தந்துகொண்டே இருக்கிறது, அதனால் ஒடுக்குகிறது. அந்தத் துணை இல்லாமல் பிரித்தெடுத்துக் குழாயில் போட்டால் ஆக்சிஜனேற்றம்தான் அதிகம் செய்யும். என்சைம் கெட்டதா நல்லதா என்பதைவிட அதற்கு எலக்ட்ரான் யார் தருகிறார்கள் என்று கேட்பது மேல்.

நாகலூர்_காபி

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். சின்னத் தோட்டம், செர்ரி பறித்துப் பல்ப்பர் போட்டுக் களத்தில் உலர்த்துகிற வரைக்கும் நாங்களே. இப்போது வறுத்து அரைத்து விற்கவும் ஆரம்பித்திருக்கிறோம். வறுக்கும்போது வருகிற மணத்திலேயே ஆல்டிஹைடும் கீட்டோனும் நிறைய என்று படித்தேன். அறையில் நாள் முழுக்க நிற்கிற பையனின் நுரையீரலில் இந்த என்சைம் இருக்கிறதா, அது பார்த்துக்கொள்ளுமா?

பழைய_வாத்தியார்

இருக்கிறது, ஆனால் அதை நம்பி நிற்க வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது டைஅசிட்டைல். இரண்டு கீட்டோன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மூலக்கூறு, வெண்ணெய் மணம். எல்-சைலுலோஸ் ரிடக்டேஸ் அதை அசிட்டோயினாக ஒடுக்கும், கொஞ்சம் வந்தால் சமாளிக்கும். அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்துப் பாப்கார்ன் ஆலையில் வெண்ணெய் வாசனைத் திரவம் கலந்த தொழிலாளர்களுக்கு மூச்சுக்குழாயின் நுண்கிளைகள் அடைத்து மீளாத நோய் வந்தது, 2002-ல் அது மருத்துவ இதழில் வெளியானது. பிறகு காபி வறுக்கும் இடங்களிலும் இந்த வாயு அளக்கப்பட்டது. அரைக்கும் இயந்திரம், அரைத்த தூளை மூடி வைத்த டப்பாவைத் திறக்கும் நேரம், இரண்டும் முக்கியம். கார்பன் மோனாக்சைடும் கூட வரும். குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு அரைக்காதீர்கள், வெளியே இழுக்கிற மின்விசிறியை இயந்திரத்துக்கு மேலேயே பொருத்துங்கள், டப்பாவுக்குள் தலையை விட்டு மணம் பார்க்கிற பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_மாணவி

நுரையீரல் என்றதும் கேட்கிறேன். பன்றி, கினிப்பன்றி, சுண்டெலி நுரையீரலில் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு தனிக் கார்பனைல் ரிடக்டேஸ் இருக்கிறது என்று படித்தேன். அதை மனிதருக்கும் சொல்லலாமா?

பழைய_வாத்தியார்

சொல்லாதே. அந்த நான்கலகுப் புரதத்தை வைத்து நம் நுரையீரலைப் பேசினால் உன் மேடம் மறுபடி ஒரு வரி சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். உயிரினம் மாறினால் இதே பாதை எங்கே போய் முடிகிறது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் தருகிறேன். ஏ.கே.ஆர்.1ஏ1 குளுகுரோனிக் அமிலத்தைக் குலோனிக் அமிலமாக ஒடுக்கும். எலியில் அங்கிருந்து வைட்டமின் சி வரும், அந்த மரபணுவை நீக்கினால் எலிக்கு வைட்டமின் சி பற்றாக்குறை. நமக்கும் கினிப்பன்றிக்கும் கடைசிப் படி என்சைம் செயலிழந்துவிட்டது, அதனால் இந்த ஒடுக்கம் நடந்தும் வைட்டமின் வராது. நம் உடலில் அது எல்-சைலுலோஸ் வழியாகச் சைலிட்டாலுக்குப் போகிறது. அந்தப் படியில் நிற்கிறதுதான் நாகலூர்க்காரருக்குச் சொன்ன அதே எல்-சைலுலோஸ் ரிடக்டேஸ்.

அது பிறவியிலேயே இல்லாதவர்களுக்குச் சிறுநீரில் பெண்டோஸ் சர்க்கரை போகும், பெண்டோசூரியா. 1908-ல் ஆர்ச்சிபால்ட் காரட் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிறவி வளர்சிதை மாற்றக் குறைகள் என்று சொன்ன நான்கில் இது ஒன்று. மரபணு மாற்றம் 2011-ல்தான் உறுதியானது. உடம்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் சிறுநீரில் சர்க்கரை பார்க்கிற பெனடிக்ட் சோதனையில் நிறம் மாறும், அதனால் அந்தக் காலத்தில் சிலரைச் சர்க்கரை நோயாளி என்று நினைத்து இன்சுலின் போட்டிருக்கிறார்கள். என்சைம் இல்லாததால் வந்த ஆபத்தைவிட அதை அறியாத வைத்தியத்தால் வந்த ஆபத்து பெரிது.

இரவு_டூட்டி

சோதனை என்றதும் ஒன்று. வார்டில் சர்க்கரை ஏறிக் கீட்டோன் வந்தவருக்குச் சிகிச்சை ஆரம்பித்து ஆள் தெளிவாகிக்கொண்டு வரும்போது சிறுநீர்ப் பட்டையில் கீட்டோன் முன்னைவிடக் கூடுதலாகக் காட்டும், சொந்தக்காரர்கள் பதறுவார்கள். இதற்கும் ஒடுக்கும் என்சைமுக்கும் சம்பந்தம் உண்டா?

பழைய_வாத்தியார்

நேரடியான சம்பந்தம். பட்டையில் நிறம் காட்டுகிற நைட்ரோபுருசைடு, கீட்டோன்களில் அசிட்டோஅசிடேட்டைத்தான் பார்க்கும், பீட்டா-ஹைட்ராக்ஸிபியூட்ரேட்டைப் பார்க்காது. கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவில் பி.டி.ஹெச்.1 என்ற எஸ்.டி.ஆர். என்சைம் என்.ஏ.டி.ஹெச்-ஐக் கொண்டு முதலாவதை ஒடுக்கி இரண்டாவதாக்குகிறது. நோய் முற்றியபோது என்.ஏ.டி.ஹெச் மிகுந்து பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விடும், பட்டை குறைத்துக் காட்டும். இன்சுலினும் திரவமும் ஏறியதும் அது திரும்ப அசிட்டோஅசிடேட் ஆகும், பட்டை கறுக்கும். ரத்தத்தில் பீட்டா-ஹைட்ராக்ஸிபியூட்ரேட் அளக்கிற மீட்டர் வார்டில் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் ரத்த அமிலத்தன்மையை.

அஸ்தம்பட்டி_மாணவி

முதல் ஸ்லைடை அழித்துவிட்டேன். இப்போது தலைப்புக்குக் கீழே டாக்ஸோரூபிசின், குளுகோஸ், கார்டிசோன் மூன்றின் படம், ஒவ்வொன்றிலும் ஒடுங்குகிற கார்பனைல் மட்டும் சிவப்பில். பார்மசி அண்ணா, பிரெட்னிசொலோன் அட்டை ஒன்று படம் எடுத்து அனுப்ப முடியுமா? பெயர் தெரிகிற மாதிரி வேண்டாம்.

ஓமலூர்_பார்மசி

பெயரை மறைத்து அனுப்புகிறேன்மா. செமினார் முடிந்ததும் மேடம் என்ன சொன்னார் என்று இங்கேயே போடு.